தளர்த்தத் தெரிந்த கை

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் சூடிக் களைந்த மாலை மதுரையம்பதிக்குப் புறப்படும். தல்லாகுளத்தில் அந்த மாலையைச் சாற்றிக்கொண்டுதான் கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகைக்கு எழுந்தருளுகிறார். மாலை கொடுப்பவள் வில்லிபுத்தூர்க் கோதை. அதைத் தோளில் தாங்கிப் பரிமேல் வருபவர் சோலைமலை அழகர்.

ராஜபாளையத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் 40 ஆண்டுகளாக அந்த மாலைப் புறப்பாட்டைத் தரிசித்து வருபவர். பருத்தி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், வயது 70. ஊருக்கு மேற்கே, நீர்காத்த அய்யனார் கோயிலுக்குச் செல்லும் திசையில், மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. காலையில் பாராயணம், பகலில் தோப்பு, மாலையில் கோயில் என்று ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்த வாழ்க்கை அவருடையது. அவர் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. அதையே அவர் பெருமையாகக் கருதி வந்தார்.

ஒரு சித்திரைத் திருவிழாவில், தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்துக்கு நடுவே நின்று அழகரைச் சேவித்தபோது, உடன் வந்த 14 வயதுப் பேரன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, இது பொன் குதிரை, அசையாது. உயிருள்ள குதிரையாக இருந்தால் இவ்வளவு கூட்டத்தில் இப்படி நிற்குமா?"

"பழக்குகிறபடி பழக்கினால் நிற்கும்" என்றார் பெரியவர்.

அந்தப் பதிலை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் எப்படியோ புகுந்துகொண்டது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடுவது வழக்கம். பல மாநிலங்களிலிருந்து குதிரைகளும் மாடுகளும் வந்து இறங்கும். அந்த ஆண்டு ஆடியில் பெரியவர் பேரனை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். இரண்டரை வயதுள்ள ஓர் ஆண் குட்டியை வாங்கினார். செம்பழுப்பு நிறம்; நெற்றியில் வெள்ளைச் சுட்டி; காதுகளின் நுனி கத்தியவார் இனத்துக்கே உரியபடி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். திருமங்கையாழ்வாரின் குதிரைக்கு ஆடல்மா என்று பெயர். அந்தப் பெயரையே குட்டிக்கும் வைத்தார்.

பெயர் வைத்தது எளிது. தோப்பில் கட்டியிருந்த புதிய கொட்டடிக்குள் அதை நுழைய வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நெடும்பயணம் செய்து வந்த குட்டி, இருள் சூழ்ந்த வாசலைக் கண்டதும் பின்வாங்கியது. "இழுங்கள்" என்றார் பெரியவர். இரண்டு பேர் முன்னால் கயிற்றைப் பற்றி இழுத்தார்கள்; ஒருவர் பின்னாலிருந்து கம்பால் அடித்தார். குட்டி முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து, சறுக்கி, பக்கவாட்டில் விழுந்தது. முழங்காலில் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. ஒருவழியாக உள்ளே தள்ளிக் கதவை அடைத்தார்கள். மறுநாளிலிருந்து மனிதக் குரல் கேட்டாலே அது மூலையில் ஒதுங்கி நடுங்கியது. நெருங்கினால் பின்னங்காலை உயர்த்தியது. மருந்து போடவும் விடவில்லை.

"விற்றுவிடலாம் அப்பா" என்றார் இளைய மகன். பேரன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே ஒரு சிற்றூரில், சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பயிற்சியாளர் ஒருவர் வசித்து வந்தார். பெரியவருக்குத் தெரிந்த ஒருவர் அவரைப் பற்றிச் சொல்லவே, தோப்புக்கு அழைத்து வந்தார்கள். மெலிந்த தேகம்; நெற்றியில் திருமண்; அதிர்ந்து பேசாத குரல். குட்டியை வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு பெரியவரிடம் மூன்று வார்த்தைப்பாடுகள் கேட்டார்.

"ஐயா, கோபம் வந்தவர் எவரும் கொட்டடிக்குள் போகக் கூடாது. கம்பு உள்ளே வரக் கூடாது. நான் சொல்லும்வரை ஒருவரும் இதன் முதுகில் ஏறக் கூடாது. குதிரையின் முதுகெலும்பு முற்றி உறுதிப்பட ஐந்தாறு வயதாகும். இது குழந்தை."

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் பெரியவர்.

"அதை இதனிடம்தான் கேட்க வேண்டும்."

முதல் மூன்று நாள்கள் அவர் செய்ததெல்லாம் ஒன்றே. ஊற வைத்த கொள்ளை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு முற்றத்து நடுவில் குட்டிக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். இதற்குத்தான் ஊதியமா என்று தோப்புக் காவலாளிக்கே சிரிப்பு வந்தது. நான்காம் நாள் குட்டி தானாக வந்து அவர் தோளை முகர்ந்தது. அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அன்று மாலை பேரனை அருகில் அமர்த்திப் பாடம் தொடங்கினார்.

"தம்பி, குதிரை புலியைப் போல வேட்டையாடும் பிராணி அன்று, வேட்டையாடப்படும் பிராணி. ஆகையால் பகவான் இதற்குக் கண்களைத் தலையின் இருபுறமும் வைத்திருக்கிறார். நின்ற இடத்திலிருந்தே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் இதற்குத் தெரியா. அந்த இரண்டு வழியாக வருகிறவன் இதற்குப் பகைவன். நீ தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வா. நீ யாரென்று இதற்குத் தெரிந்துவிடும்."

பிறகு தலைக்கயிற்றை மாட்டக் கற்றுக்கொடுத்தார். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் குட்டி எதிர்த்து இழுக்கும். அது அதன் இயல்பு. மெல்ல ஓர் அழுத்தம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தாலும் போதும். அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அடி எடுத்து வைத்தால் அழுத்தம் நீங்கும் என்பதை அந்தத் தளர்ச்சியிலிருந்துதான் குட்டி தெரிந்துகொள்கிறது. கணம் தாழ்ந்து தளர்த்தினால் அதற்குப் புரியாது. தளர்த்தவே இல்லையென்றால், சொன்னதைச் செய்தாலும் பயனில்லை என்று எண்ணி மரத்துப் போகும்.

"இழுக்க எல்லோருக்கும் தெரியும் தம்பி. எப்போது விடுவது என்பதுதான் வித்தை" என்றார் பயிற்சியாளர்.

வேலிக்கு அப்பால் நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி ஒழுங்காக நடந்தது. காலையில் உடம்பைத் தேய்த்து விடுதல். நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தம் செய்தல். நீண்ட கயிற்றில் வலமும் இடமுமாகச் சம அளவில் சிறிது நேரம் நடத்திப் பழக்குதல். சாக்கு, குடை, வாளியின் ஓசை, வண்டியின் ஓசை என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தல். மடித்த போர்வையை முதுகில் வைத்து எடுத்தல். பல நாள் கழித்துச் சேணத்தைக் காட்டி முகரவிட்டு, வைத்து, வாரை இறுக்காமல் எடுத்துவிடுதல்.

ஓய்வு நேரத்தில் பெரியவரும் பயிற்சியாளரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பாண்டவர்களின் அஞ்ஞாத வாசத்தில் நகுலன் கிரந்திகன் என்ற பெயரில் விராட மன்னனின் குதிரைகளைப் பராமரித்ததைப் பெரியவர் சொல்வார். அந்த நகுலனின் பெயரிலேயே ஓர் அசுவ சாத்திரம் இருப்பதையும், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அதை 1952ஆம் ஆண்டில் படங்களுடன் பதிப்பித்ததையும் பயிற்சியாளர் சொல்வார். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவரும் குதிரையைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். சினத்தோடு குதிரையை அணுகாதே என்பது அதில் அவர் வற்புறுத்தும் பாடம். தேசம் வேறு, காலம் வேறு, குதிரை ஒன்றே.

புரட்டாசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், தென் திருப்பதி என்று போற்றப்படும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் அடியார்கள் திரள்வார்கள். மூன்றாம் சனிக்கிழமை, பெருமாளைச் சேவிக்கப் பயிற்சியாளர் விடுப்பு எடுத்துக்கொண்டார். அன்று பார்த்துப் பெரியவர் வீட்டுக்கு உறவினர் வந்திருந்தனர். தோப்பைச் சுற்றிக் காட்டும்போது ஒருவர், "மூன்று மாதமாக வளர்க்கிறீர்கள். இன்னும் ஏறிப் பார்க்கவில்லையா?" என்று சிரித்தார்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. "ஏறுடா" என்றார் பேரனிடம்.

பையன் ஒரு கணம் தயங்கினான். பின் வாய் பேசாமல் சேணத்தைக் கொண்டுவந்து வைத்தான். வாரை முதன்முறையாக இறுக்கினார்கள். அவன் அங்கவடியில் கால் வைத்து ஏறி அமர்ந்ததுதான் தாமதம், குட்டி முதுகை வில்லாய் வளைத்துத் துள்ளியது. பையன் வேலியோரம் விழுந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பேரனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, வீட்டின் முன்கட்டில் பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார். "நன்றி கெட்ட பிராணி. வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்றார் மகனிடம். மறுநாள் காலை பயிற்சியாளர் பிரசாதத்தோடு வந்தார். முதலில் பையனைப் பார்த்தார். அவன் விரல்களை அசைக்கச் சொன்னார். பிறகு தோப்புக்குச் சென்று குட்டியைப் பார்த்தார். வார் இறுகிய இடத்தில் தோல் கன்றியிருந்தது. மருந்து தடவிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் பெரியவர் எதிரில் நின்றார்.

"குட்டி மீது குற்றமில்லை ஐயா. பாடம் சொல்லிக் கொடுக்குமுன் பரீட்சை வைத்துவிட்டீர்கள்."

பெரியவர் பதில் பேசவில்லை. உள்ளே சென்று பேரன் அருகில் அமர்ந்தார்.

"குட்டி இன்னும் பழகவில்லை என்று உனக்குத் தெரியும் அல்லவா?"

"தெரியும் தாத்தா."

"தெரிந்துமா ஏறினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

பையன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "உங்களிடம் வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது தாத்தா."

பெரியவருடைய மூத்த மகன் புனே நகரில் இருக்கிறார். ஆசிரியர் பணிக்குப் போக விரும்பியவரைத் தந்தை பருத்திக் கிடங்கில் அமர்த்தினார். ஆறு ஆண்டுகள் வாய் திறவாமல் கணக்கு எழுதிய பிள்ளை, ஒருநாள் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளில் இரண்டே முறை, அதுவும் துக்கத்துக்கு, வந்து போயிருக்கிறார். 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்பதுதான் அந்த ஒன்பது ஆண்டுகளும் பெரியவர் எல்லோரிடமும் சொல்லி வந்த குறை. அந்தக் குறைக்கு உரிய பதில், 14 வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அன்றுதான் அவருக்குக் கிடைத்தது.

அன்று இரவு அவர் உறங்கவில்லை. கடோபநிடதத்தில் வரும் தேர் உருவகத்தை உபந்நியாசங்களில் எத்தனையோ முறை கேட்டவர் அவர். உடல் தேர்; புத்தி தேரோட்டி; புலன்கள் குதிரைகள்; மனம் கடிவாள வார். குதிரைகளை அடக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் மனத்தில் இதுவரை நின்றிருந்தது. வாரைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி அவர் எண்ணியதில்லை. மனத்தை அங்கே சவுக்கு என்று சொல்லவில்லை என்பதும் அன்றுதான் அவருக்கு உறைத்தது.

விடியற்காலையில் பாரதத்தை எடுத்துத் துரோண பருவத்தைப் பிரித்தார். பதினான்காம் நாள் போர். சூரியன் மறைவதற்குள் சயத்திரதனைக் கொல்ல வேண்டும். இல்லையேல் அருச்சுனன் தீப்புக வேண்டும். ஒரு நாழிகையும் வீணாக்க முடியாத அந்த நாளில், குதிரைகள் அம்புபட்டுக் களைத்திருப்பதைக் கண்டு தேர் நடுக்களத்தில் நிறுத்தப்படுகிறது. அருச்சுனன் தரையில் இறங்கி நின்று பகைவரைத் தடுக்கிறான். குதிரைகள் குடிக்க நீரில்லை என்று கண்ணன் சொல்ல, பாணத்தால் பூமியைப் பிளந்து ஒரு தடாகம் உண்டாக்குகிறான். கண்ணபிரான் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தம் திருக்கரங்களாலேயே அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தடவி, நீர் காட்டி, தீனி தந்து, இளைப்பாறிய பிறகே மீண்டும் பூட்டுகிறார்.

உலகை நடத்துகிற பெருமானுக்கு அவிழ்த்துவிட அவகாசம் இருந்தது. உறவினர் ஒருவர் சிரித்ததற்காகத் தமக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லையே என்று பெரியவர் நாணினார்.

மறுநாள் தோப்புக்குச் சென்றவர் பயிற்சியாளரிடம், "கயிறு பிடிக்க எனக்கும் கற்றுத் தாருங்கள்" என்றார். பயிற்சியாளர் வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. "செருப்பைக் கழற்றிவிட்டு நல்ல காலணி அணிந்து வாருங்கள் ஐயா. மிதித்துவிட்டால் தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

70 வயதில் அந்தப் பாடம் எளிதாக இல்லை. அவருடைய கை பழக்கத்தால் இறுகியது. குட்டி நின்றுவிட்டால் அவரை அறியாமல் பற்களைக் கடித்தார்; குட்டியின் காதுகள் உடனே பின்னோக்கிச் சாய்ந்தன. "உங்கள் மூச்சு அதற்குக் கேட்கிறது ஐயா" என்பார் பயிற்சியாளர். அவர் மூச்சை விட்டால் அதன் காதுகள் நிமிரும். ஒரே அடி எடுத்து வைத்ததற்காகக் கயிற்றைத் தளர்த்த ஒரு வாரம் ஆயிற்று அவருக்கு. தோற்றுப் போகிறோமோ என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் குறுக்கே நின்றது.

ஐப்பசி மழையில் கொட்டடிக்குள்ளேயே பாடம் நடந்தது. கார்த்திகையில் பேரனின் கைக்கட்டைப் பிரித்தார்கள். மார்கழியில் ஒருநாள், திருப்பாவை சேவித்துவிட்டுப் பனி விலகாத காலையில் பெரியவர் தோப்புக்கு வந்தார். கதவைத் திறந்துவிட்டு, கயிற்றை எடுக்க மறந்தவராய்த் தொட்டிப் பக்கம் நடந்தார். பின்னால் குளம்போசை கேட்டது. நின்றார், அதுவும் நின்றது. நடந்தார், அதுவும் நடந்தது. தோளருகே வெதுவெதுப்பான மூச்சு பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அன்று மாலை புனேக்குத் தொலைபேசியில் பேசினார். வழக்கமாக அவர் பேசுவது 'எப்போது வருகிறாய்?' என்ற அதட்டலில் தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று, "பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் ஒலியே இல்லை. பிறகு மூத்த மகன் தம் மாணவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தந்தை குறுக்கிடாமல் கேட்டார். வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். அடுத்த வாரமும் அப்படியே பேசினார், அதற்கடுத்த வாரமும். தை பிறந்து சில நாள் கழித்து மகனே சொன்னார்: "பங்குனி உத்திரத்துக்கு வரலாம் என்று நினைக்கிறேன் அப்பா."

"உன் சௌகரியம்போல் வா" என்றார் பெரியவர். தொலைபேசியை வைத்துவிட்டு மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டதை மருமகள் பார்த்தாள். பாராததுபோல் விளக்கேற்றப் போனாள்.

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் – ரங்கமன்னார் திருக்கல்யாணம். குடும்பம் முழுவதும் சேவிக்கச் சென்றது. மூத்த மகனும் மனைவியோடு வந்திருந்தார். பழைய கணக்குகள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. தந்தையும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளவுமில்லை. ஆயினும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

கருவறையில் ரங்கமன்னாரும் ஆண்டாளும் நிற்க, உடன் கருடாழ்வாரும் நிற்கிறார். மற்றத் தலங்களில் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் பெரிய திருவடி, இங்கே மணமக்களோடு ஒரே ஆசனத்தில் நிற்கும் பேறு பெற்றவர். மணமகனைக் காலம் தாழாமல் சுமந்து வந்து சேர்த்தமைக்காகக் கிட்டிய பேறு என்று பெரியோர் சொல்வர். 40 ஆண்டுகளாகச் சேவித்த சந்நிதிதான். சுமக்கிறவனை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்ட பெருமானின் பாங்கு அன்றுதான் பெரியவருக்குப் புதிதாகப் பட்டது. தீபாராதனை ஒளியில் கருடனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை, தோப்பில் பயிற்சியாளர் ஆடல்மாவுக்குச் சேணம் பூட்டினார். பல நாள் பழகிய வார் இப்போது அதை உறுத்தவில்லை. அதற்கு மூன்று வயது முடிந்திருந்தது. மெலிந்த உடல்வாகு கொண்ட பேரனைச் சிறிது நேரம் மட்டும், நடை வேகத்தில் மட்டும் தாங்கலாம் என்று அவர் சொன்னார்.

பெரியவர் பேரனைப் பார்த்தார்.

"ஏறுகிறாயா? வேண்டாம் என்றால் வேண்டாம். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்."

பையன் குட்டியின் தோள் பக்கமாகப் போய் அதன் கழுத்தில் கை வைத்துச் சற்று நின்றான். பிறகு, "ஏறுகிறேன் தாத்தா" என்றான்.

இடப்பக்கத்திலிருந்து மெல்ல ஏறி அமர்ந்தான். குட்டி ஒருமுறை காதுகளை அசைத்தது, நின்றது. பயிற்சியாளர் தம் கையிலிருந்த கயிற்றைப் பெரியவரிடம் கொடுத்தார். அவர் மெல்ல அழுத்தி, காத்திருந்து, ஆடல்மா முதல் அடியை எடுத்து வைத்த கணத்தில் கயிற்றைத் தளர்த்தினார்.

வேலியருகே நின்ற மூத்த மகன், தந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.